அறுபத்திரண்டாவது மணி

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஊரின் மூச்சு நின்றுபோனது. காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

கணினித் திரையில் பாதி ஊர்மேல் பரவியிருந்த புகைப்படலம் அப்படியே உறைந்து நின்றது. காற்றுத் தர ஆய்வாளரான அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு தொழிற்சாலையின் புகை நான்கு நாளில் எங்கெங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போடும் நிரல் அது. அறுபத்தோரு மணி நேரம் சமர்த்தாக ஓடும். அறுபத்திரண்டில் மல்லாக்கப் படுத்துவிடும்.

ஜன்னலே இல்லாத அறை. இருந்த ஒரே கதவையும் மேலாளர் அடைத்துக்கொண்டு நின்றார். "நாலு மணிக்கு அறிக்கை ஆலைக்காரங்க கையில இருக்கணும். புதுக் கொதிகலனுக்கு அனுமதி இதை நம்பித்தான் நிக்குது. உன் வேலையும்தான்."

"காற்று வேகத்துல கோளாறோன்னு பார்த்தேன் சார், இல்ல. நேர இடைவெளியைக் குறைச்சும் பார்த்தேன். அப்பவும் அதே எடம்."

"காரணம் வேணாம்மா. முடிவு வேணும்."

மேசைத் தொலைபேசி அடித்தது. புகை அளவுகளைத் தொகுத்து அனுப்பிய தொழிற்சாலைக் குமாஸ்தா. முகம் பார்த்ததில்லை, காலையிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டு உயிரை வாங்குகிறவர்.

"முடிஞ்சுதா மேடம்?"

"இல்ல. அறுபத்திரண்டாவது மணில நிக்குது."

"அப்ப அந்த எடத்தை நல்லாப் பாருங்க மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இவர் வேறு பாடம் நடத்த வந்துவிட்டார். பட்டென்று போனை வைத்தாள்.

வேறு போக்கிடம் இல்லாமல், அவர் அனுப்பிய கோப்பையே திறந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். இருபது நிமிடத்தில் அகப்பட்டது. 18.40 என்ற எண்ணின் கடைசியில் இருந்தது சுழியே அல்ல. ஆங்கில எழுத்து 'ஓ'. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

திருத்தினாள். தொண்ணூற்றாறு மணி நேரமும் தங்குதடையில்லாமல் ஓடியது. புகை ஓரிடத்திலும் வரம்பைத் தாண்டவில்லை.

"இதுக்கா இந்தப் பாடு?" மேலாளர் பேனாவை நீட்டினார். "போடு கையெழுத்தை."

பேனாவை வாங்கியவளின் கை அப்படியே நின்றது. இந்த எண்களெல்லாம் ஆலையின் கருவி தானாகப் பதிவு செய்பவை. கருவிக்கு ஏது எழுத்துப்பிழை? கோப்பை மறுபடி பார்த்தாள். அந்த வரிக்குக் கீழே ஒன்பது வரிகளிலும் 18.40, 18.40, 18.40. எரிகிற உலையில் ஒரு மணி போல் இன்னொரு மணி இருக்காது.

"இந்தப் பத்து மணி நேரமும் பொய் சார். புகை வடிகட்டி நின்னுபோயிருக்கணும். அதை மறைக்க யாரோ கையால அடிச்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலன்னா நாளைக்கு வராதே."

"சரி சார்." போனை எடுத்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பத்து வரி, நீங்கதானே அடிச்சீங்க?"

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம். "ஆமா மேடம். பக்கத்துலயே நின்னு அடிக்க வெச்சாங்க."

"உங்க ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை குட்டியோட ஜனங்க இருக்காங்க, தெரியுமா?"

"எங்க வீடும் அங்கதான் மேடம்."

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பண்றதையும் பண்ணிட்டு, ஒரு சுழியை ஒழுங்கா அடிக்கத் தெரியாம மாட்டிக்கிட்டீங்களே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஒழுங்கா அடிச்சிருந்தா, நீங்க அங்க நின்னு பார்த்திருப்பீங்களா மேடம்?"