மூத்த தாரம்

சங்கரலிங்கத்துக்கு முதல் தாரம் தங்காது என்று ஜாதகம் சொன்னது. அது கிரகத்தின் கோளாறு, தன்னுடையது அல்ல என்று அவன் இருந்துவிட்டான். மணப்பெண் செண்பகவல்லியின் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால், கோயில் தோட்டத்து வாழைக்குப் புடவை சுற்றி, பொட்டு வைத்து, அதற்கு மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார்கள். கட்டினான். “இவதான் மூத்த தாரம். ஒரே வெட்டு மாப்ள, தோஷம் இவளோட போயிரும்,” என்று ஜோசியர் அரிவாளைக் கொடுத்தார். கோழிக்கடைப் பக்கம்கூடப் போகாதவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம் என்று நினைத்தான். மூடவில்லை. மரம் சாய்ந்தது. அவன் மறுபடியும் வெட்டினான். “போதும் மாப்ள.” புடவை கிழிந்தது. “எய்யா, போதும்னு சொல்லுதேம்லா!” அதற்குப் பிறகும் ஒரு வெட்டு விழுந்தது. பட்டு வேட்டியெல்லாம் வாழைச்சாறு தெறித்திருக்க, தனக்கு அது பிடித்திருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “தோஷம் கழிஞ்சிட்டு,” என்றார் ஜோசியர், நாலடி தள்ளி நின்றபடி. மண்டபத்தில் மேளம் தொடங்கியது, முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள். “மச்சான், இத என் கையில இருந்து வாங்கிருங்க,” என்று அழைக்க வந்த பெண்ணின் அண்ணனிடம் அரிவாளை நீட்டினான். அண்ணன் பிடித்து இழுத்துப் பார்த்தான். சங்கரலிங்கத்தின் விரல்கள் விடவில்லை.