குறுக்கே நீட்டிய கால்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அமராவதி ஜன்னலோரம், தையல் மெஷினுக்குப் பின்னால். மகள் சுகுணா தரையில், கவரையும் ஒட்டுவதற்கு நாலு பருக்கை சோற்றையும் வைத்துக்கொண்டு. கொழுந்தன் ஆண்டியப்பன் வாசலை ஒட்டிய கட்டிலில், இரண்டு காலையும் குறுக்கே நீட்டி.

அவர் காலை மடக்காமல் யாரும் வெளியே போக முடியாது.

மெஷின் மேல் அரசாங்கக் கடிதம் கிடந்தது. குழந்தைசாமியை முன்கூட்டியே விடுதலை செய்வதில் இறந்தவரின் மனைவிக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். பதில் இன்று நாலு மணிக்குள் புதுக்கோட்டை ஆபீசில் இருக்க வேண்டும். மணி மூன்றாகப் போகிறது.

குழந்தைசாமி பங்காளிதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வரப்பை ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொண்ட தகராறில் மண்வெட்டியை ஓங்கியவன். விழுந்தவர் அமராவதியின் புருஷன், ஆண்டியப்பனின் அண்ணன்.

உண்டு என்று எழுதச் சொன்னார் ஆண்டியப்பன். வாசகத்தைக்கூட அவரே சொன்னார். அந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடிப்பதில்லை, இழவுக்கும் போவதில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ததை ஞாபகப்படுத்தினார்.

பேனா நின்றது. அமராவதி கண்ணை மூடினாள்.

நெஞ்சில் அதே இடத்தில் குத்தியது. குத்துகிறது என்று பார்த்தாள். பல் கடிபடுகிறது. கோபம் வந்திருக்கிறது. அதை அடித்துத் துரத்தவும் இல்லை, உட்காரப் பாய் போடவும் இல்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. குத்தல் கொஞ்சம் தளர்ந்தது. முழுக்கப் போகவில்லை.

ஏழு மாதமாக இப்படித்தான். அதற்கு முந்தைய பத்து வருஷமும் அந்தக் கோபத்தோடு படுத்து அந்தக் கோபத்தோடு எழுந்தவள். சுகுணாவின் முதுகிலும் அது இறங்கியிருக்கிறது.

"மூச்ச எண்ணுனா எங்கண்ணன் எந்திரிச்சு வந்துருமா மதினி? எந்தச் சாமியாரு ஒங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

அவள் கண்ணைத் திறந்தாள். எழுதினாள். கையெழுத்துப் போட்டு, ஒளிக்காமல் அவரிடமே நீட்டினாள்.

ஆட்சேபணை இல்லை.

ஆண்டியப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் இன்னும் நீண்டு எதிர்ப்பக்கக் கதவு நிலையில் அழுந்தியது. சுகுணா கடிகாரத்தைப் பார்த்தாள்.

அமராவதி மெஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்தாள். கேட்டீர்களே அந்தச் சாமியார், இவர்தான் என்று அவர் மடியில் வைத்தாள்.

பிரித்தார். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு.

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு காலை மடக்கினார். அப்புறம் இன்னொன்றை.

இதையும் கவரில் சேர்த்துவிடு, எனக்கு மனப்பாடம் என்றாள் அமராவதி மகளிடம். மடிக்கும்போது சுகுணாவின் கண்ணில் நடுவரிகள் பட்டன.

"ஜெயில்ல பத்து நாள் பேசாம, மூச்ச மட்டும் பாத்துக்கிட்டு ஒக்கார வச்சாங்க மதினி. மொத அம்பு அடுத்தவன் விடுறது, ரெண்டாவத நமக்கு நாமே விட்டுக்கிறோம்னு புத்தர் சொல்லியிருக்காராம். மொத அம்பு நான் விட்டது. ரெண்டாவதயாச்சும் கீழ போட்டுருங்க."

சுகுணா பருக்கையை நசுக்கிக் கவரை ஒட்டினாள். ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

வாசலைத் தாண்டி ஸ்கூட்டியைக் கிளப்பும்போது, நாலு மணிக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது.