தடை நீங்கிய மதியம்

நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் சண்முகப்பிரியா, வேலைக்கு வந்ததும் மேனேஜர் குணசீலனிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏனுங்க, தடை நீங்கிருச்சுங்களா?"

பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து வளைகுடா நாடொன்று நம் முட்டை இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்தது.

"இன்னும் இல்ல அம்மிணி. உன்ற வேலை எங்கயும் போயிராது, கவலைப்படாத" என்பார் அவர்.

அன்று மதியம் லட்டு டப்பாவோடு ஓடி வந்தார்.

"அம்மிணி, தடையை எடுத்துட்டாங்க! நாளைக்கே கண்டெய்னர் கெளம்புது!"

சண்முகப்பிரியாவின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"அட, சந்தோசத்துல அழுவறதைப் பாரு!" என்று அவர் சிரித்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது, கணவன் சபரிநாதன் வாசலில் மகளுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தான். அந்த வளைகுடா நாட்டில் முட்டை இறக்குமதி செய்யும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. முட்டை வராததால் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பியிருந்தது. வந்த புதிதில் அவனைக் கண்டாலே ஓடி ஒளிந்த தமிழினி, இப்போதுதான் வாய் நிறைய "அப்பா" என்கிறாள். தடை நீங்கவே கூடாதென்றுதான் சண்முகப்பிரியா தினமும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. கம்பெனி நம்பர். அதைப் பார்த்தவன் அவள் முகத்தையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

ஃபோனை அணைத்தான்.

"பாப்பா இன்னும் ஒரு சுத்து ஓட்டட்டும். அப்பறம் பேசிக்கறேன்" என்றான்.