நூற்றெண்பது டிகிரி

எழுபத்துமூன்றாம் வருஷம், அடையாறு ஆற்றோரத்தில் மேடுபள்ளம் நிரவிக்கொண்டிருந்த பழைய செயின் டிராக்டரின் எஞ்சினைக் கழற்றி ஆழ்வார்பேட்டைப் பட்டறைக்கு அனுப்பி ஒன்பது நாளாகியிருந்தது. ஆனாலும் டிரைவர் ஷரஃபுதீன் தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஏறி உட்கார்ந்து, சூடு காட்டும் முள்ளைப் பார்த்து, லாக் புத்தகத்தில் எழுதினார்: 180. ஓடுகிற வண்டிக்கு ஃபாரன்ஹீட்டில் அதுதான் சரியான சூடு. முள்ளை மட்டும் அவர் நம்புவதில்லை. புறங்கையால் இரும்பையும் தொட்டுப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பத்தாம் நாள் கம்பெனி எஞ்சினியர் ராகவேந்திரன் புத்தகத்தைப் புரட்டினார்.

“எஞ்சினே இல்லாத வண்டிக்கு ஏதுய்யா சூடு? இதையெல்லாம் அடிச்சுட்டு, சூடு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எஞ்சின் தேறாதாம், வெள்ளிக்கிழமை வண்டி காயலான் கடைக்குப் போகுது.”

“முள்ளு நூத்தியெம்பதுல கீது சார். கீறதத்தான் எழுதுவேன்.”

“எழுதலேன்னா நாளைலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்.”

“வருவேன் சார். ஏழு மணிக்கு.” ஷரஃபுதீன் பேனாவை அவரிடமே நீட்டினார். “நீங்களே தொட்டுப் பாத்து எழுதுங்க. உள்ளங்கைய வெக்காதீங்க. புறங்கை.”

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வந்தபோது ராகவேந்திரன் வண்டியருகே நின்றிருந்தார். வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. அன்றைய வரியை இடது கையால், கோணல்மாணலாக, அவரே எழுதி வைத்திருந்தார்: 180. நார்மல்.