திட்டினால் திறக்கும் கதவு

புற்றுநோய்க்காக இரைப்பையை எடுத்த பிறகு, இருதயராஜின் நோய் எதிர்ப்புச் சக்தி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவருடைய அறைக் கதவின் மேல் அதன் அளவு ஓர் எண்ணாக ஒளிரும். பச்சையாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

மனைவி ஜெசிந்தா கண்ணாடிக்கு வெளியே அழுதால் அவர் கலங்குவார், எண் சிவந்துவிடும். ஒருநாள் எரிச்சலில் அவரைத் திட்டிவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, எண் பச்சையானது. அன்றிலிருந்து உள்ளே போக வேண்டுமென்றால் அவள் திட்டியாக வேண்டும்.

இன்று கல்யாண நாள். கொஞ்ச நேரமாவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"கல்யாணத்தன்னைக்கே மோதிரத்தத் தொலைச்ச ஆளுதான நீங்க!"

"உங்க அண்ணன்தாம்ட்டி எடுத்திருப்பான்!"

எண் ஏறியது. கதவு ஒரு விரல் அளவு விலகியது.

"சாப்பாட்டுராமன்! மாப்பிள்ளைச் சோறுன்னு ஒரு சட்டி மீன் கொழம்பையும் ஒத்த ஆளா வழிச்சுத் தின்னுட்டு..."

சட்டென்று நிறுத்தினாள். இருதயராஜ் கட்டிலருகே ஆறிக்கிடந்த ஒரு கரண்டிக் கஞ்சியைப் பார்த்தார்.

எண் சிவந்தது. கதவு மூடிக்கொண்டது.

"ஏட்டி, வேற ஏதாவது சொல்லித் திட்டு," என்றார் அவர்.

ஜெசிந்தா எவ்வளவு தேடியும் ஒரு வசவும் கிடைக்கவில்லை.