நீலப் புகை

“தம்பி, உது காரோ, சுருட்டோ?”

பரிசோதகர் முத்துக்குமாரு முகத்துக்கு முன்னால் கையை விசிறிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். சைலன்சரிலிருந்து கிளம்பிய நீலப் புகை மருதனார்மடம் சந்தைப் பக்கமாக நகர்ந்தது. மைதானத்தில் வரிசையாகக் காரோடு நின்றவர்கள் இருமினார்கள்.

“மண்ணெண்ணெயிலை ஓடுற கார் ஐயா. கொஞ்சம் புகைக்கும்தானே,” என்றான் சீவரத்தினம்.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. போர்த் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்று ஒரு வருடம் கடந்திருந்தது. ஒரு மூடி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்ட எல்லோரும் பழகியிருந்தார்கள். அந்த வாரம்தான் இயக்கத்தார் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து அறிவித்திருந்தார்கள்: சுற்றுவட்டாரத்துக் கார்கள் எல்லாம் பரிசோதனைக்கு வரவேண்டும், வராவிட்டால் வீடு தேடி வருவார்கள் என்று.

“எனக்குக் கதை விடாதை. மண்ணெண்ணெய்ப் புகை வெள்ளை. உது நீலம். ஒயில் எரியுது. பொனற்றைத் திற பாப்பம்.”

சீவரத்தினத்தின் கூட்டாளி லியோன் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்த முத்துக்குமாருவின் புருவம் உயர்ந்தது. இருபத்தாறு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். அதனால்தான் இந்த வேலைக்கு அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

“பழைய ஏ ஃபோர்ட்டிக் காருக்குள்ளை டற்சன் எஞ்சினோ! ஆரடா இறக்கினது?”

“நாங்கள் ரெண்டு பேரும்தான் ஐயா,” லியோனின் முகம் மலர்ந்தது. “நாலு மாசம். மவுண்டிங் நாங்களே வெட்டி ஒட்டினனாங்கள். கியர்பொக்ஸ் பிளேற் இஞ்சை எங்கடை திருநெல்வேலிப் பட்டறையிலை கடைஞ்சது. ஒரு துளி ஆட்டம் இல்லை, கையை வைச்சுப் பாருங்கோ...”

சீவரத்தினம் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

“கார்ப் பதிவுப் புத்தகத்திலை பழைய எஞ்சின் நம்பர் எல்லோ கிடக்கு?” என்றார் முத்துக்குமாரு.

“மாத்தவேணும் ஐயா. பதியிறதுக்கு அரசாங்கக் கச்சேரிப் பக்கம் போக ஏலாமல் கிடக்கு.”

முத்துக்குமாரு எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். “அமத்து,” என்றார். லியோன் அக்சிலேற்றரை அமத்தினான். நீலப் புகை குப்பென்று அடித்தது.

பக்கத்து வரிசையில் நடராசாவின் மொறிஸ் மைனரை இன்னொரு பரிசோதகர் பாஸ் பண்ணி, கண்ணாடியில் வெள்ளைச் சோக்கால் சரி போட்டார். நடராசாவின் மனைவி கமலாவதி சேலைத் தலைப்பால் அந்தக் காரின் முன்விளக்கைத் துடைத்தாள். பிறகும் துடைத்தாள்.

சீவரத்தினம் முத்துக்குமாருவின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“ஐயா, என்ரை அக்காவுக்கு ஒன்பது மாசம். முதல் பிள்ளை வயித்துக்கை குறுக்காலை கிடந்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டில் பிடிச்சு, வழியிலேயே பறிகுடுத்தவை. அதுக்காகத்தான் இந்தக் காரைக் கட்டினனாங்கள். பாத்துச் செய்யுங்கோ.”

“உதெல்லாம் எனக்கென்னத்துக்கு? நான் பாக்கிறது புகையை.”

“ஐயா...”

“பிஸ்ரன் றிங் தேஞ்சு போச்சு. எஞ்சின் சரி இல்லை!” ஊர் முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தினார் முத்துக்குமாரு. பரிசோதனைத் துண்டுச் சீட்டை எடுத்து, குறுக்காகக் கோடு கீறி, பெரிய எழுத்தில் எழுதினார்: பாஸ் இல்லை. “இரும்புக் கடைக்குக் குடுக்கிற சாமானைக் கொண்டுவந்து என்ரை நேரத்தை மினக்கெடுத்திறியள். நிப்பாட்டு! இஞ்சை வைச்சுத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணப்படாது. தள்ளிக்கொண்டு போங்கோ!”

லியோனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. நாலு மாதம் உயிரைக் கொடுத்து இறக்கிய எஞ்சினை, இத்தனை பேருக்கு முன்னால் இரும்புக் கடைச் சாமான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவன் காரின் பின்புறத்தில் கையை வைத்தான். சீவரத்தினம் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி பக்கவாட்டில் தள்ளினான். கார் அசையவில்லை.

“ரெண்டு சோம்பேறியள்!” என்று திட்டிக்கொண்டே முத்துக்குமாருவும் வந்து லியோனுக்குப் பக்கத்தில் தோள்கொடுத்தார். கார் மெல்ல வாசலை நோக்கி உருண்டது.

வாசலில் ஒரு மேசை. மேசையில் பிஸ்கற் பெட்டி. தோளில் துவக்குத் தொங்க நின்ற இயக்கத்துப் பொடியன்கள் இரண்டு பேர், பாஸான கார்க்காரர்களிடம் சாவிகளை வாங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, கார் எங்களுக்குத் தேவை. நீங்கள் நடந்து போங்கோ,” என்று ஒருவன் நடராசாவிடம் சொன்னான்.

ஏ ஃபோர்ட்டியின் துண்டுச் சீட்டைப் பார்த்ததும் மற்றவன் அலட்சியமாகக் கையசைத்தான், போகலாம் என்று.

கார் வாசலைக் கடந்து றோட்டில் ஏறியதும் முத்துக்குமாரு தோளை எடுக்காமலே குனிந்து கிசுகிசுத்தார்:

“அடுத்த முறை எஞ்சினுக்குள்ளை நல்லெண்ணெய் ஊத்தாதையுங்கோடா, தோசை மாதிரி மணக்குது. கழிவு ஒயில் ஊத்துங்கோ.”