மருந்து கலக்காத குப்பி

மாரப்பன் தன் தோட்டத்து மாம்பிஞ்சுகளை ஈரத்துணியில் பொதிந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது மரம் நன்றாகத்தான் இருந்தது. கொட்டை போட்டு முளைத்த மரம். அதன் ருசி வேறெதிலும் இல்லை என்பார்கள். பிஞ்சுக்குள்ளிருந்த திசுவில் நோய் தாங்கும் மரபணு ஒன்றைச் செலுத்தி, மருந்து கலந்த குப்பிகளில் வளர்த்தேன். மரபணு ஏறியவை பச்சையாகத் தழைக்கும், ஏறாதவை வெளுத்துச் சாகும். மரபணு ஏற்றாத திசுவும் பிழைத்து வளர, மருந்து கலக்காமல் ஒரு குப்பியை ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம். அன்றைய அவசரத்தில் நான் எல்லாவற்றிலும் கலந்துவிட்டேன்.

ஆடிக்காற்றில் மரம் சாய்ந்த நான்காம் நாள் மாரப்பன் வந்தார்.

"ஒரே ஒரு கன்னு குடுங்க சார். எங்க மவ உசுரோட இருந்தப்போ நட்ட மரம். வீட்டுல அவளைப் பெத்தவ சோறு தண்ணியில்லாம கெடக்கறா."

பச்சையாக நின்ற ஏழு கன்றுகளும் மரபணு மாற்றியவை. அவற்றை வெளியே கொடுக்க அனுமதி இல்லை. வெளுத்தவற்றை நானே நீராவியில் அவித்துக் கொட்டியிருந்தேன். அதை மறைத்து, அவரை உட்காரவைத்துவிட்டு, எதிர்ச்சாரி நர்சரியில் ஒரு மாங்கன்று வாங்கிவந்தேன்.

"உங்க மரத்தோடதுதான்" என்று நீட்டினேன்.

அவர் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். என்னைப் பார்க்காமலே கன்றைத் துண்டால் சுற்றிக்கொண்டார்.

"அழுது அழுது அவளுக்கு மூக்கடைச்சுக் கெடக்குது சார்" என்றார். "வாசம் தெரியாது."